மாமா தொடாத பேஸ்

கடைசி ஓவர். ஜெயிக்க ஒரேயொரு ரன் வேண்டும். அடிப்பவன் பந்தைப் பவுண்டரிக்கு அனுப்பிவிட்டான். நீங்கள் மறுமுனையில் நிற்கிறீர்கள். அதற்குப் பிறகும் ஓடிப்போய் அந்தப் பக்கத்துக் கோட்டைத் தொடுவீர்களா?

பொய் சொல்ல வேண்டாம். தொடமாட்டீர்கள். மட்டையை எறிந்துவிட்டு, அடித்தவனைக் கட்டிப்பிடிக்கத்தான் ஓடுவீர்கள். நானும் அப்படித்தான். டிவியில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எந்த மனுசனும் அப்படித்தான் செய்வான். என் மாமாவும் அதைத்தான் செய்தார். என்ன பிரச்சினை என்றால், அவர் அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்தது கிரிக்கெட் இல்லை. பேஸ்போல்.

கண்டியில் ஏது பேஸ்போல் என்று கேட்பீர்கள். இருந்தது. நான் ஸ்கூலில் நாலாம் ஆண்டு படித்த வருஷம், பேராதனைக்கும் பிலிமத்தலாவைக்கும் நடுவில், ரயில் பாதைக்குக் கீழே, ஒரு தேயிலைப் பொதி கம்பனியின் கிரவுண்டில் இருந்தது. கம்பனியின் சின்ன முதலாளி ஜப்பானில் படித்துவிட்டு வந்தவர். அங்கே எல்லோரும் கிரிக்கெட்டுக்குப் பதிலாக இதைத்தான் ஆடுகிறார்களாம். வந்ததும் வராததுமாக ஒரு டீம் போட்டார். கொழும்பில் ஏற்கெனவே சில கம்பனிகளுக்கு டீம் இருந்ததால் லீக்கும் தயார். ஆட்கள்தான் இல்லை. தோட்டத்திலும் டவுனிலும் சொஃப்ட்போல் கிரிக்கெட்டில் பந்தைக் கிழிப்பவர்கள் யார், சித்திரைப் புத்தாண்டுக்கு எல்லே என்கிற மட்டைப்பந்து ஆட்டத்தில் தூக்கி அடிப்பவர்கள் யார் என்று விசாரித்துப் பிடித்தார்கள். அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவர்தான் அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டிலேயே இருந்து, என்னைப் பாப்பா, பாப்பா என்று கூப்பிட்ட என் மாமா.

கடதாசியில் அவருக்கு வேலை தேயிலைப் பெட்டி அடுக்குவது. உண்மையில் சம்பளம் விளையாட்டுக்குத்தான். காலையில் கொஞ்சம் பெட்டி, பகலுக்குப் பிறகு முழுக்க கிரவுண்ட். நான் ஸ்கூலில் எங்கள் மாமா புரொஃபெஷனல் பிளேயர் என்று பீற்றித் திரிந்தேன். எந்த விளையாட்டு என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்பா பிலிமத்தலாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. ஆணியும் கம்பியும் நிறுத்துக் கொடுத்துக் களைத்து வரும் மனிதருக்கு, பந்தடித்துச் சம்பளம் வாங்கும் மச்சினனைப் பார்த்தால் எப்படி இருக்கும். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு குத்தல். இன்றைக்கு எத்தனை பெட்டி அடித்தாய், எத்தனை பந்து அடுக்கினாய் என்று கேட்பார். மாமா சிரித்துக்கொண்டே பிளேன்டீயைக் குடித்துவிட்டு எழும்பிப் போவார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததேயில்லை.

கையுறையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சின்ன முதலாளி ஜப்பானில் இருந்து ஒரு மூட்டை பழைய கையுறைகளை இறக்கியிருந்தார். மாமாவுக்குக் கிடைத்தது தேன் நிறத்தில் ஒன்று. உள்பக்கம் யாரோ மையால் ஜப்பான் எழுத்தில் பெயர் எழுதியிருந்தார்கள். டீமில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். பந்து வீசும் பிட்சர் அண்ணன், அது பெயரே இல்லை, கழுவ வேண்டாம் என்று எழுதியிருக்கிறது என்றார். மாமா அதை நம்பினாரோ என்னவோ, கழுவவே இல்லை. சாப்பாடு முடிந்ததும் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு அந்தத் தோலில் தேய்ப்பார். நடுவில் பந்தை வைத்து, ரப்பர் நாடாவால் இறுக்கிக் கட்டி, மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டு அதன் மேல் படுப்பார். எண்ணெய், வியர்வை, பழைய தோல், மழையில் நனைந்த மண் எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. அந்த அறையில் அலுமாரியைத் திறந்தால்கூட அதுதான் அடிக்கும். அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வார். நான் யாரும் இல்லாத நேரம் அதை எடுத்து முகத்தில் கவிழ்த்துக்கொள்வேன். மூக்கு, கண், நெற்றி எல்லாம் அதற்குள் போய்விடும். இருட்டாக, சூடாக இருக்கும்.

கோச் ஒரு வயதான சிங்கள சேர். ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பேஸ்போல் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். உடைந்த தமிழில் பேசுவார், தம்பி என்பதற்கு மட்டும் சிங்களத்தில் மல்லி, மல்லி என்று எல்லோரையும் கூப்பிடுவார். அவருக்குப் பெரிய தலைவலி, இவர்களுக்குள் ஊறிக் கிடந்த கிரிக்கெட். பந்தை அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டுத்தான் முதல் பேஸுக்கு ஓட வேண்டும். மாமா முதல் மேட்ச்சில் மட்டையையும் தூக்கிக்கொண்டே ஓடினார். ஓடியது மட்டுமில்லை, பேஸ் கிட்ட வந்ததும் குனிந்து, காலால் மிதிக்க வேண்டிய அந்த வெள்ளைப் பையை மட்டையால் தொட்டார். கொழும்பு டீம்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அடுத்த வாரம் முழுக்க கோச், மாமாவை மட்டையை வீசிவிட்டு ஓடு, வீசிவிட்டு ஓடு என்று இருட்டும் வரைக்கும் ஓடவிட்டார்.

இப்படி ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார் அந்த மனிதர். காலில் பட்டால் அவுட் என்று அம்பயரைப் பார்த்துக் கத்துவதை நிறுத்தினார். பந்தைக் குத்த வைத்து எறிவதை நிறுத்தினார். ஒன்றே ஒன்றை மட்டும் அவர் பிடுங்கவில்லை. அப்படி ஒன்று இவர்களுக்குள் இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. முதலில் தப்பித்தவறி ஒன்று, பிறகு தொடர்ந்து. கம்பனி லொறியின் பின்பக்கம் ஏறிக் கொழும்புக்குப் போவார்கள், விடிய விடியத் தொண்டை கட்டி வருவார்கள். எங்கள் கிரவுண்டில் மேட்ச் என்றால் ஹந்தானை மலையிலிருந்து பனி இறங்கி, தூரத்தில் நிற்பவர்களின் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. பந்து மட்டையில் பட்டால் அலுமினியம் டிங் என்று சத்தம் போடும். பந்து எங்கே போனது என்று மேலே ரயில் பாதையில் நிற்கிறவர்கள்தான் கத்திச் சொல்ல வேண்டும். ரயில் போகும்போது பெட்டிக் கதவில் தொங்குபவர்கள் என்னடா விளையாட்டு இது என்று கூவுவார்கள்.

அப்போதுதான் சின்ன முதலாளி ஒரு வாக்குக் கொடுத்தார். லீக் கப்பை எடுத்தால், டீமில் உள்ள எல்லோருக்கும் கம்பனியில் பேர்மனன்ட்.

இதை இங்கே வாசிக்கும் எல்லோருக்கும் விளங்கும் என்று நினைக்கிறேன். கேஷுவலாக இருப்பவனை எப்போது வேண்டுமானாலும் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லலாம். பேர்மனன்ட் என்றால் அவன் ஒரு ஆள். மாமாவுக்கு அது இன்னும் பெரிய விஷயம். பேராதனை ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஓர் அக்காவை அவருக்குப் பேசியிருந்தார்கள். பேச்சு என்று பேருக்குத்தான், இரண்டு பேரும் அதற்கு முதலே பஸ்ஸில் பார்த்துப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். அந்த அக்காவின் அப்பா ரயில்வேயில் இருந்தவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை இருக்க வேண்டும். அது கிடைத்த மறுநாள் தேதி குறிக்கலாம் என்று எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அக்கா ஒருமுறை டியூட்டி முடிந்து நேராகக் கிரவுண்டுக்கு வந்தார். தலைக்கு மேலே குடை, கையில் எனக்கு மீன் வைத்த மாலுபணிஸ். எனக்கு அவரை அவ்வளவு பிடித்துவிட்டது. மாமி என்று கூப்பிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினார், இன்னும் நேரம் இருக்கிறது என்று. அந்த அக்கா என் காதுக்குள் குனிந்து, "கூப்புடு பரவால்ல. ஆனா மெதுவா கூப்புடு" என்றார்.

அன்று மாமா மூன்று தடவை பந்தை விட்டார். நேரே பந்தைப் பார்க்காமல் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான்.

சீசனின் கடைசி மேட்ச் எங்கள் கிரவுண்டில். ஜெயித்தால் கப். தெருவே வந்திருந்தது. கடையில் அரை நாள் லீவு போட்டு அப்பாவும் வந்தார், ஆனால் வந்ததைக் காட்டிக்கொள்ளாமல் மரத்தடியில் தள்ளி நின்றார். அம்மா ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணியும், துணியில் சுற்றிய ரொட்டியும் கொண்டுவந்து, எல்லைக்கு வெளியே நீலப் படங்கு ஒன்றை விரித்து உட்கார்ந்தார். அவருக்கு அந்த விளையாட்டு கடைசி வரைக்கும் விளங்கவில்லை. மாமா ஓடினால் சந்தோஷப்படுவார், நின்றால் கவலைப்படுவார். அவ்வளவுதான் அவருடைய பேஸ்போல்.

இதைக் கவனமாகக் கேளுங்கள், ரொம்ப லேசு. ஸ்கோர் சமம். எங்கள் ஆட்களின் கடைசி வாய்ப்பு, இரண்டு அவுட் போய்விட்டது, இன்னும் ஒன்று போனால் முடிந்தது. மூன்றாவது பேஸில் எங்கள் ஆள் ஒருவர், அவர் ஹோமுக்கு, அதாவது அடிப்பவர் நிற்கும் இடத்துக்கு, ஓடி வந்தால் ஜெயித்தோம். முதல் பேஸில் என் மாமா. அடிக்கப் போனது பிட்சர் அண்ணன்.

அடித்தார். பந்து எல்லோருடைய தலைக்கும் மேலே போய் தூரப் புல்லில் விழுந்து உருண்டது. மூன்றாவது பேஸில் நின்றவர் ஹோமைத் தொட்டுவிட்டார். ஜெயித்தாயிற்று. கிரவுண்டைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் உள்ளே பாய்ந்தார்கள். நானும் பாய்ந்தேன். மாமா இரண்டாவது பேஸுக்குப் பாதி தூரம் ஓடியிருந்தவர், அப்படியே திரும்பி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பிட்சர் அண்ணனை நோக்கி ஓடி வந்தார். நான் போய் அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என்னைத் தூக்கித் தோளில் வைத்தார். அவருடைய சேர்ட் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. நான் மேலே இருந்து கத்திக்கொண்டிருந்தேன்.

கிரிக்கெட்டில் அதோடு கதை முடிந்தது. இந்த விளையாட்டில் முடியவில்லை. அடித்தவன் முதல் பேஸுக்கு வருவதால், அங்கே நின்ற மாமா இடத்தைக் காலி பண்ணி இரண்டாவது பேஸைக் கட்டாயம் தொட்டாக வேண்டும். தொடுவதற்கு முதல் எதிரணி பந்தோடு அந்தப் பையை மிதித்தால் மாமா அவுட். அது மூன்றாவது அவுட் என்பதால், ஜெயித்த ரன்னும் செல்லாது. எங்கள் டீமில் யாருக்கும் இது மனசில் இல்லை. கொழும்பு டீமின் இரண்டாவது பேஸ்காரனுக்கு இருந்தது. அவன் ஒருவன் மட்டும் கட்டிப்பிடிக்கிற கூட்டத்தைக் கடந்து எல்லைப் பக்கமாக ஓடிப் போய், பந்தோடு திரும்பி வந்து, பையின் மேல் ஏறி நின்றுகொண்டு அம்பயரைக் கூப்பிட்டான்.

அம்பயர் கொழும்பிலிருந்து வந்தவர். ரொம்ப நேரம் யோசித்தார். கூட்டத்தை அமைதியாக்கச் சொன்னார். பிறகு சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டார். பந்து புல்லில் கிடந்ததா, இல்லை வெளி ஆள் யாராவது எடுத்தார்களா. கொழும்புப் பொடியன் புல்லில்தான் கிடந்தது என்றான். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டல்லவா இருந்தார்கள். கோச் மாமாவிடம் வந்தார்.

"மல்லி, நீங்க அந்தப் பக்கம்தானே பார்த்தது. போல் யாரு எடுத்தது? கண்டதா?"

நான் அப்போதும் தோளில்தான் இருந்தேன். மாமாவின் தலை திரும்புவது தெரிந்தது. நீலப் படங்கு இருந்த பக்கம் பார்த்தார். அந்த அக்காவைத் தேடுகிறார் என்று நினைத்தேன். அந்த அக்காவுக்கு அன்று டியூட்டி, வரவில்லை. ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினார்.

"நான் பாக்கல சேர்" என்றார்.

அவுட் என்று கையைத் தூக்கினார் அம்பயர். மேலதிகமாக இன்னொரு சுற்று ஆடச் சொன்னார்கள். அதில் தோற்றோம்.

சின்ன முதலாளி ஏசவில்லை. அதுதான் மோசம். காரில் ஏறிக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு போனார். கோச் மட்டைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். இந்தச் சட்டத்தை நான்தான் சொல்லிக்கொடுக்கவில்லை, பொடியன் மேல் பிழை இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர் என்றுதான் இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, நன்றாகத்தானே அடித்தார்கள், பிறகு ஏன் தோல்வி என்கிறார்கள் என்று கேட்டார். அப்பா, ஒரு பையைத் தொடாமல் ஒரு கல்யாணத்தையே கெடுத்துவிட்டான் உன் தம்பி என்றார். மாமா சாப்பிடவில்லை. அன்று கையுறைக்கு எண்ணெயும் தேய்க்கவில்லை.

கம்பனி அடுத்த மாதமே டீமைக் கலைத்தது. பிட்சர் அண்ணனுக்கும் இன்னும் இரண்டு மூன்று பேருக்கும் பேர்மனன்ட் கொடுத்தார்கள். மற்றவர்களை நாளைக்கு வர வேண்டாம் என்றார்கள். பிலிமத்தலாவை பஸ்ஸில் ஒரு கொண்டக்டர் இருந்தான், எல்லா மேட்ச்சுக்கும் வந்து விசில் அடித்தவன். அவன் மாமா இறங்கும்போதெல்லாம், "அண்ணே, செக்கன் பேஸ தொட்டுட்டு எறங்குங்க" என்பான். பஸ் முழுக்கச் சிரிக்கும். பிறகு செக்கன் பேஸ் என்பது அவர் பெயராகவே ஆகிவிட்டது. கடையில், சலூனில், கோயிலில்கூட. மாமா பஸ்ஸை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

அந்த அக்காவின் அப்பா இன்னொரு முறை வந்தார். இந்த முறை உட்காரவில்லை. அப்பா, அதுவரைக்கும் குத்திக்கொண்டே இருந்த என் அப்பா, வாசலில் நின்று கெஞ்சினார். சின்னப் பிழை, இன்னொரு வேலை கிடைக்கும், கொஞ்சம் பொறுங்கள் என்றார். அவர் பதிலுக்கு, "ஓடி முடிக்காம பாதியில திரும்புறவன நம்பி எப்புடிங்க புள்ளைய அனுப்புறது" என்று கேட்டார். மாமா உள் அறையில்தான் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

அந்த அக்காவைப் பிறகு கண்டி பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை பார்த்தேன். இடுப்பில் ஒரு பிள்ளை. என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. மாமா எப்படி என்று கேட்க வாயெடுத்தவர், பஸ் வந்துவிட்டது என்று ஏறிவிட்டார். வந்தது அவருடைய பஸ் இல்லை.

மாமா ஒரு ஏஜென்சி மூலம் கத்தாருக்குப் போனார். கையுறையைக் கொண்டு போகவில்லை. அம்மா அதை ஒரு சீலைத் துண்டில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தார். அந்த வருஷத்து மழையில் கூரை ஒழுகி, எடுத்துப் பார்த்தபோது பச்சையாகப் பூஞ்சணம் பிடித்து, எலி ஒரு விரலைத் தின்றிருந்தது. அப்பா எரித்துவிட்டார். அந்த ஜப்பான்காரனின் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. இப்போது என் ஃபோனில் ஒரு படம் எடுத்தால் நொடியில் சொல்லிவிடும்.

கம்பஸுக்கு வந்த பிறகுதான் நான் இதையெல்லாம் தேடிப் பார்த்தேன். லைப்ரரியில் நோட்ஸ் எடுப்பதாகச் சொல்லிவிட்டு பேஸ்போல் வாசித்துக்கொண்டிருந்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில், பெரிய பெரிய டீம்கள் ஆடிய ஒரு சீசனில், பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் அச்சுக்கு அச்சு இதையே செய்திருக்கிறான். முதல் பேஸில் நின்றவன், ஜெயித்த ரன் வந்துவிட்டது என்று இரண்டாவது பேஸைத் தொடாமல் திரும்பிவிட்டான். அங்கேயும் கூட்டம் உள்ளே பாய்ந்திருக்கிறது, பந்து எங்கே போனது என்று அடிபிடி. அந்த ரன் செல்லாமல் போய், கடைசியில் சீசனே போனது. சாகும் வரைக்கும் அவனை மண்டையில் ஒன்றும் இல்லாதவன் என்றே கூப்பிட்டார்களாம். ஆனால் ஒரு வித்தியாசம். அவனுடைய மேனேஜர் ஒரு நாளும் அவனைக் கைவிடவில்லை. பிழை அவனுடையது இல்லை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லி, சம்பளத்தையும் கூட்டிக் கொடுத்தாராம். அதை வாசித்துவிட்டு லைப்ரரியில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவள், பரீட்சைக்கா அழுகிறாய் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதைத் தேடப் போய்த்தான் இன்னொரு சட்டமும் கண்ணில் பட்டது. பார்வையாளர் யாராவது பந்தைக் கையில் எடுத்துவிட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். அந்தப் பந்தை வைத்து யாரையும் அவுட் ஆக்க முடியாது. அம்பயர் அன்று கேட்டது ஏன் என்று அப்போது விளங்கியது. ஆனால் பந்துதான் புல்லில் கிடந்ததே, என்ன பிரயோசனம் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் டிவியில் ஏதோ மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பந்து கூட்டத்துக்குள் விழ, ஒரு பொம்பிளை எடுத்து உள்ளே எறிந்தாள். அம்மா மரக்கறி நறுக்கிக்கொண்டே சிரித்தார். தானும் ஒருமுறை இப்படிக் கொடுத்ததாகச் சொன்னார். எங்கே என்று கேட்டேன்.

"உங்க மாமா வெளாண்டப்பதான். கடைசியா நடந்துச்சே, அன்னைக்கி. படங்குக்கு உருண்டு வந்துருச்சு. அந்தக் கொழும்புப் பொடியன் ஓடியாந்து, அக்கா கொஞ்சம் தாங்கன்னு எவ்வளவு மரியாதையா கேட்டான் தெரியுமா. எடுத்துக் குடுத்தேன். நம்ம பசங்க ஒருத்தனுக்கு அந்த மரியாத இருக்கா."

நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

தோளில் நான் இருந்தபோது அந்தத் தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்குத் தெரியும். மாமா பார்த்திருக்கிறார். கோச் கேட்டபோது, என் அக்காதான் எடுத்துக் கொடுத்தாள் என்று சொல்லியிருந்தால், அந்த அவுட் இல்லை. ரன் செல்லும். கப், பேர்மனன்ட், அந்த அக்கா, எல்லாம். ஆனால் மாமாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. கோபத்தில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், மரத்தடியில் நின்ற அப்பாவுக்கும் முன்னால், தன் அக்காவைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்றுதான் நினைத்திருக்கிறார். தோற்ற பழியைத் தன் தலையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிவிட்டார்.

இதையெல்லாம் நானாகக் கற்பனை பண்ணுகிறேனோ என்று மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். இன்று காலையில் மாமாவுக்கு மெசேஜ் போட்டேன். பந்தை எடுத்துக் கொடுத்தது அம்மா என்று தெரியுமா, வெளி ஆள் கை பட்டால் அவுட் இல்லை என்று தெரியுமா என்று கேட்டேன். பார்த்துவிட்டார். டைப் பண்ணுவதாகக் காட்டியது, நின்றது, திரும்பவும் காட்டியது. கடைசியில் வந்தது இவ்வளவுதான்.

"கண்டேன். சட்டம் பொறகுதான் தெரியும். எங்க அக்காகிட்ட சொல்லிறாத பாப்பா."

அம்மா இப்போது குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறார்.